கே-மெலியானை இன்னும் ஓட்டலாமா?

பழைய லேப்டாப்களை வீட்டில் வைத்துக்கொண்டு என்ன செய்கிறீர்கள் என்று போன மாதம் கேட்டிருந்தோம். வந்த கடிதங்களில் முக்கால்வாசி ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன: மெஷின் நன்றாகத்தான் இருக்கிறது, பிரவுசர்தான் ஓடமாட்டேன் என்கிறது. அதனால் இந்த முறை முழுப் பகுதியும் அதற்கே.

கேள்வி: என்னிடம் 2 ஜிபி ரேம் உள்ள விண்டோஸ் 7 லேப்டாப் இருக்கிறது. குரோமைத் திறந்தாலே ஃபேன் கத்த ஆரம்பித்துவிடும். தெரிந்த சர்வீஸ் கடைக்காரர் கே-மெலியான் என்று ஒரு பிரவுசரைப் போட்டுக் கொடுத்தார். சட்டென்று திறக்கிறது, ஆனால் பாதி தளங்கள் வெள்ளையாக நிற்கின்றன. வைத்துக்கொள்ளலாமா, தூக்கிவிடலாமா?
– தென்காசி வாசகர்

பதில்: தூக்க வேண்டாம். ஆனால் அது ஒன்றை மட்டும் நம்பியும் இருக்க வேண்டாம். ஏன் என்று கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இதே சந்தேகம் பலருக்கு இருக்கிறது.

கே-மெலியான் 2000-ம் ஆண்டு வந்தது. தொடங்கியவர் கிறிஸ்டோஃப் தீபோ, வின்ஆம்ப் என்ற பாட்டு பிளேயரைச் செய்த நல்சாஃப்ட் நிறுவனத்தில் வேலை பார்த்தவர். அப்போது (பின்னாளில் பயர்பாக்ஸைக் கொண்டுவந்த) மொசில்லாவின் கெக்கோ என்ற எஞ்சின், அதாவது பக்கத்தைத் திரையில் வரைகிற பகுதி, நன்றாக இருந்தது, ஆனால் அதைச் சுற்றியிருந்த மொசில்லாவின் பொத்தான்களும் மெனுக்களும் கனமாக இருந்தன. காரணம், மொசில்லா தன் மெனுவையும் டூல்பாரையும்கூட அதே எஞ்சினை வைத்தே வரைந்தது. கே-மெலியான் அந்த வேலையை விண்டோஸிடமே விட்டுவிட்டது. மெனு, பொத்தான், ஸ்க்ரோல் எல்லாம் விண்டோஸ் கொடுப்பது. பக்கத்தை வரைவது மட்டும் கெக்கோ. அந்த முடிவால்தான் உங்கள் லேப்டாப்பில் இன்றைக்கும் அது கிளிக் செய்தவுடன் வந்து நிற்கிறது.

எனக்கு அதில் ரொம்பப் பிடித்தது இன்னொன்று. அதன் ஷார்ட்கட் விசைகள் ஒரு சாதாரண டெக்ஸ்ட் ஃபைலில் இருக்கின்றன. நோட்பேடில் திறந்தால் வரிக்கு ஒன்றாக, இடது பக்கம் விசை, நடுவில் சமக்குறி, வலது பக்கம் என்ன செய்ய வேண்டும் என்ற கட்டளை. கன்ட்ரோல் விசையோடு எந்த எழுத்தை அழுத்தினால் என்ன நடக்க வேண்டும் என்று நீங்களே மாற்றிச் சேமித்துவிட்டு பிரவுசரை மூடித் திறந்தால் போதும், அது உங்கள் கைக்கு வந்துவிடும். மேக்ரோ என்ற சின்னக் கட்டளைத் தொகுப்புகளை எழுதிப் புதிய வேலைகளையே சேர்க்கலாம். பிரவுசர் என்பது நிறுவனம் அனுப்பிவைக்கிற பொருள், அது நாளைக்கு எப்படி மாறும் என்று நமக்குத் தெரியாது என்று ஆகிவிட்ட காலத்தில் இந்த மாதிரி ஒரு ஃபைலைத் திறந்து பார்ப்பது எனக்கு உண்மையிலேயே சந்தோஷம் தருகிற விஷயம்.

சரி, அப்புறம் ஏன் வெள்ளைப் பக்கம்?

2011-ல் மொசில்லா ஒரு முடிவு எடுத்தது: கெக்கோவைப் பிறர் தங்கள் பிரவுசருக்குள் பொருத்திக்கொள்வதற்குக் கொடுத்துவந்த ஆதரவை இனித் தருவதில்லை என்று. மேக்கில் அதை நம்பியிருந்த கமினோ என்ற பிரவுசர் 2013-ல் நின்றுபோனது. லினக்ஸில் எபிபனி என்ற பிரவுசர் அதற்கு முன்பே வெப்கிட் என்ற வேறு எஞ்சினுக்கு மாறிவிட்டது. கே-மெலியான்காரர்கள் விடவில்லை, சுற்றிவளைத்து கெக்கோவையே பொருத்திக்கொண்டு வந்தார்கள். கடைசியாக வந்த நிலையான பதிப்பு 75.1, ஆண்டு 2015. அதில் இருப்பது கெக்கோ 31, அதாவது 2014-ம் ஆண்டு பயர்பாக்ஸின் எஞ்சின். உங்கள் கடைக்காரர் போட்டது பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும். உதவி மெனுவில் பதிப்பு எண் இருக்கும், பார்த்துக்கொள்ளுங்கள்.

2014-க்குப் பிறகு இணையத்தில் என்னென்ன சேர்ந்தது என்று பாருங்கள். பக்கத்தைக் கட்டம் கட்டமாக அடுக்கும் சிஎஸ்எஸ் கிரிட் (சிஎஸ்எஸ் என்பது பக்கத்தின் தோற்றத்தைச் சொல்லும் மொழி) பயர்பாக்ஸில் வந்தது 2017-ல். வெப்பி என்ற வகைப் படங்கள் 2019-ல். அதனால் செய்தித் தளங்களில் படம் இருக்க வேண்டிய இடத்தில் உங்களுக்கு வெற்றுக் கட்டம் தெரியும். இது இரண்டும்கூடப் பரவாயில்லை, பக்கம் அலங்கோலமாக இருந்தாலும் எழுத்தைப் படித்துவிடலாம். ஒரு பிரவுசருக்குப் புரியாத சிஎஸ்எஸ் வரி வந்தால் அந்த ஒரு வரியை மட்டும் விட்டுவிட்டு அடுத்ததற்குப் போகும். பக்கத்தின் உள்ளடக்கத்தை எழுதும் ஹெச்டிஎம்எல் மொழியில் புரியாத குறி வந்தாலும் அப்படித்தான், உள்ளே இருக்கும் எழுத்தைக் காட்டிவிடும்.

பக்கத்தை இயக்குகிற நிரலான ஜாவாஸ்கிரிப்ட் அப்படி இல்லை. இலக்கணம் புரியாத ஒரே ஒரு குறி வந்தால் போதும், அந்த ஃபைலையே முழுசாகத் தள்ளிவிடும். உதாரணத்துக்கு, கேள்விக்குறியையும் புள்ளியையும் சேர்த்து எழுதும் ஒரு குறி 2020-ல் குரோமுக்கும் பயர்பாக்ஸுக்கும் வந்தது. சின்ன வசதிதான், ஒரு பொருள் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு உள்ளே போவதைச் சுருக்கி எழுத உதவுகிறது. ஆயிரக்கணக்கான வரிகள் கொண்ட ஃபைலில் எங்கோ ஓரிடத்தில் அது இருந்தால் கெக்கோ 31 முதல் வரியைக்கூட ஓட்டாது. முழுப் பக்கத்தையும் அந்த ஸ்கிரிப்டை வைத்தே கட்டுகிற தளம் என்றால் திரையில் வருவதற்கு எதுவுமே இல்லை. நீங்கள் பார்க்கும் வெள்ளை அதுதான். கே-மெலியான் மெதுவாக இருப்பதாலோ லேப்டாப்புக்கு வயதாகிவிட்டதாலோ வருவதில்லை.

இதிலிருந்து ஒரு வழியும் கிடைக்கிறது. கே-மெலியானில் ஜாவாஸ்கிரிப்டை அணைக்க டூல்பாரிலேயே வசதி உண்டு. அணைத்துவிட்டுத் திறந்து பாருங்கள். தமிழ் விக்கிப்பீடியா அப்படியே படிக்கக் கிடைக்கும். மதுரைத் திட்டத்தின் மின்னூல்கள் கிடைக்கும். 1998-ல் தொடங்கிய முயற்சி அது, சங்க இலக்கியம் முதல் இருபதாம் நூற்றாண்டு எழுத்துவரை வெறும் எழுத்தும் பத்தியுமாகப் போட்டு வைத்திருக்கிறார்கள், 2 ஜிபி லேப்டாப்பில் ஒரு முழு நூலைத் திறந்து வைத்துக்கொண்டு மாலை முழுக்கப் படித்தாலும் ஃபேன் சத்தம் போடாது. பல வலைப்பதிவுகளும் இப்படித்தான் திறக்கும். படிப்பதற்கு என்றால் கே-மெலியானை வைத்துக்கொள்ளுங்கள், இன்றைக்கும் அது அருமையான பிரவுசர்தான். பெயரும் பாஸ்வேர்டும் கேட்கிற எந்தத் தளத்துக்கும் அதில் போகாதீர்கள்.

கேள்வி: நான் அதே கே-மெலியானில்தான் நெட் பேங்கிங் பார்க்கிறேன். ஒரு குறையும் இல்லை, பூட்டுப் படமும் வருகிறது. பிறகு ஏன் எல்லோரும் பயமுறுத்துகிறீர்கள்?
– கும்பகோணம் வாசகர்

பதில்: இன்றைக்கே நிறுத்துங்கள். கடுமையாகச் சொல்வதற்கு மன்னிக்கவும், பணம் சம்பந்தப்பட்டது.

அந்தப் பூட்டு சொல்வது ஒன்றைத்தான்: உங்கள் பிரவுசருக்கும் வங்கியின் சர்வருக்கும் நடுவில் போகும் தகவலை இடையில் யாரும் படிக்க முடியாது. அது உண்மைதான், தகவலைப் பூட்டி அனுப்பும் டிஎல்எஸ் 1.2 என்ற முறை கெக்கோ 31-க்குத் தெரியும், வங்கிகள் இன்னும் அதை ஏற்றுக்கொள்கின்றன. ஆனால் திருடன் எப்போதும் நடுவழியில் நிற்பதில்லை. பிரவுசருக்குள்ளேயே வருவான். இன்னொரு தளத்தில், அதில் வரும் விளம்பரத்தில், ஒரு படத்தில் ஒளித்துவைத்த ஏதோ ஒன்று பிரவுசரின் ஓட்டை வழியாக நுழைந்து நீங்கள் தட்டுவதைப் பார்க்க ஆரம்பித்தால் பூட்டு இருந்தும் பயன் இல்லை.

இது கற்பனை என்று நினைக்காதீர்கள். 2019 ஜூனில் பயர்பாக்ஸில் இருந்த ஒரு ஓட்டையை வைத்து காயின்பேஸ் என்ற கிரிப்டோ நிறுவனத்தின் ஊழியர்களைக் குறிவைத்தார்கள். அது தெரியவந்ததும் மொசில்லா உடனே திருத்தம் வெளியிட்டது. பயர்பாக்ஸ் வைத்திருந்தவர்களுக்கு அது தானாகவே வந்து சேர்ந்தது. கே-மெலியான் 75.1 வைத்திருப்பவருக்கு அப்படி எதுவும் வராது. 2015-ல் எப்படி இருந்ததோ அப்படியே இருக்கும்.

இன்னொரு விஷயத்தையும் பலர் யோசிப்பதில்லை. கெக்கோவின் நிரல் யாரும் படிக்கக்கூடியது. ஒவ்வொரு திருத்தம் வரும்போதும் என்ன மாற்றினார்கள் என்பதும் வெளியே தெரியும். எங்கே ஓட்டை இருந்தது என்று காட்டிக்கொடுப்பது போலத்தான், அதனால் திருத்தத்தைப் பெற்றவர்களுக்கு நன்மை, பெறாதவர்களுக்கு ஆபத்து. இத்தனை வருடத் திருத்தங்களின் பட்டியல் ஒருவன் கையில் இருந்தால் 2015-ம் ஆண்டு பிரவுசரை உடைக்க அவன் புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை.

'யார் இந்தச் சின்ன பிரவுசருக்காக மெனக்கெடப் போகிறார்கள்?' என்று கேட்பவர்கள் உண்டு. பயன்படுத்துபவர்கள் குறைவு என்பதால் தாக்குபவர்களும் குறைவு என்பது ஓரளவு சரி. ஆனால் எஞ்சின் பயர்பாக்ஸுடையது, அந்தக் காலத்துப் பயர்பாக்ஸுக்கு எழுதி வைத்தது இதற்கும் பொருந்தலாம். சேமிப்புக் கணக்கை அந்த நம்பிக்கையில் விட முடியாது.

வங்கி வேலைக்கு ஃபோனில் வங்கியின் சொந்த ஆப்பைப் பயன்படுத்துங்கள், ஃபோனுக்கே பாதுகாப்பு அப்டேட் வந்துகொண்டிருக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் அப்டேட் வருகிற பிரவுசர் உள்ள வேறு மெஷினில் பாருங்கள். இதுவரை பார்த்ததற்கு என்ன செய்வது என்றால், வேறு நல்ல கருவியிலிருந்து பாஸ்வேர்டை மாற்றிவிட்டு, கே-மெலியானில் சேமித்து வைத்த பாஸ்வேர்டுகளையும் அழித்துவிடுங்கள்.

கேள்வி: சில தளங்களைத் திறந்தால் 'இந்த இணைப்பை நம்ப முடியாது' என்று வருகிறது. 'விதிவிலக்கு சேர்' என்று ஒரு பொத்தான் இருக்கிறது, அதை அழுத்தினால் திறந்துவிடுகிறது. அழுத்தலாமா?
– காரைக்குடி வாசகர்

பதில்: முதலில் டாஸ்க்பாரில் தேதியைப் பாருங்கள். பழைய மெஷின்களில் மதர்போர்டில் இருக்கும் காசு வடிவ பேட்டரி தீர்ந்துபோனால் ஒவ்வொரு முறை அணைத்துப் போடும்போதும் தேதி பல வருடம் பின்னால் போய்விடும். தளம் தான் யார் என்று காட்டும் சான்றிதழின் காலம் இன்னும் தொடங்கவே இல்லை என்று பிரவுசர் நினைத்துக்கொள்ளும். பேட்டரியை மாற்றினால் தீர்ந்தது, பெரிய செலவு இல்லை.

தேதி சரியாக இருந்தால் பெரும்பாலும் வேறு கதை. தளத்தின் சான்றிதழை யார் கொடுத்தார்கள், அவர்களை நம்பலாமா என்று பார்க்க ஒவ்வொரு பிரவுசரிலும் ஒரு பட்டியல் இருக்கும். குரோம் அந்தக் காலத்தில் விண்டோஸின் பட்டியலைப் பார்க்கும், கெக்கோ தன் சொந்தப் பட்டியலை வைத்துக்கொள்ளும். இன்று உலகத்தில் ஏராளமான தளங்கள் லெட்ஸ் என்கிரிப்ட் என்ற அமைப்பு இலவசமாகத் தரும் சான்றிதழில் ஓடுகின்றன. அவர்களுடைய மூலச் சான்றிதழ் (மற்ற சான்றிதழ்களுக்கு அடித்தளமானது) பயர்பாக்ஸின் பட்டியலில் சேர்ந்தது 2016-ல். அதுவரை வேறொரு பழைய நிறுவனத்தின் மூலச் சான்றிதழ் அவர்களுக்கு ஜாமீன் நின்றது. அந்தப் பழைய சான்றிதழ் 2021 செப்டம்பர் 30 அன்று காலாவதியாகிவிட்டது. அன்றைக்குப் பழைய ஆண்ட்ராய்டு ஃபோன்கள், டிவிக்கள், பல மெஷின்களில் இதே சிக்கல் வரும் என்று பேசப்பட்டது. 2014-ம் ஆண்டுப் பட்டியலை வைத்திருக்கும் உங்கள் பிரவுசருக்கு இப்போது அந்தத் தளங்கள் எல்லாமே முன்பின் தெரியாதவை.

விதிவிலக்குப் பொத்தானை அழுத்தினால் அந்தத் தளத்தைப் பொறுத்தவரை 'யாராக இருந்தாலும் பரவாயில்லை' என்று நீங்களே சொல்லிவிடுகிறீர்கள். ஒரு கவிதை வலைப்பதிவைப் படிக்க என்றால் பெரிய நஷ்டம் இல்லை. ஆனால் விரல் அதற்குப் பழகிவிடும் என்பதுதான் என் கவலை. உண்மையிலேயே போலித் தளம் வரும் நாளிலும் அதே எச்சரிக்கைதான் வரும், கை அதே பொத்தானுக்குத்தான் போகும். விஷயம் தெரிந்தவர் பக்கத்தில் இருந்தால் லெட்ஸ் என்கிரிப்ட் தளத்திலிருந்தே அவர்களுடைய மூலச் சான்றிதழை வேறு நல்ல கணினியில் இறக்கி, கே-மெலியானின் சான்றிதழ் பட்டியலில் சேர்த்துவிடச் சொல்லுங்கள். பெரும்பாலான எச்சரிக்கைகள் நின்றுவிடும்.

கேள்வி: புதிய பிரவுசர்கள் ஏன் இவ்வளவு ரேம் சாப்பிடுகின்றன? புது கம்ப்யூட்டர் விற்பதற்காகச் செய்கிற வேலையா இது?
– திருப்பூர் வாசகி

பதில்: கோபம் நியாயமானது, ஆனால் அதில் ஒரு பகுதி உங்கள் நன்மைக்காகச் செலவாகிற ரேம்.

பழைய பிரவுசர்களில் எல்லா டேபும் ஒரே புராசஸில், அதாவது நினைவகத்தில் ஒரே நிரலாக, ஓடின. ஒன்று விழுந்தால் எல்லாம் விழும், ஒன்றுக்குள் புகுந்தவன் எல்லாவற்றையும் பார்க்கலாம். எல்லோரும் ஒரே கூடத்தில் படுத்திருப்பதற்கும் ஆளுக்கொரு அறை கட்டிக் கதவு போடுவதற்கும் உள்ள வித்தியாசம்தான், அறை என்றால் இடம் கூடுதலாகத்தான் வேண்டும். 2008-ல் குரோம் வந்தபோதே டேப்களைத் தனித்தனி புராசஸாகப் பிரித்தது. 2018 ஜனவரியில் ஸ்பெக்டர் என்ற சிக்கல் வெளியே வந்தது. புராசசரின் வேகத் தந்திரங்களைப் பயன்படுத்தி ஒரு பக்கத்தின் ஸ்கிரிப்ட் அதே புராசஸில் இருக்கும் இன்னொரு தளத்தின் தகவலை ஊகித்துப் படித்துவிட முடியும் என்று தெரிந்தது. அந்த ஆண்டே குரோம் தளத்துக்கு ஒரு புராசஸ் என்று கண்டிப்பாகப் பிரித்தது, அதற்கு 10 முதல் 13 சதவீதம் ரேம் கூடுதலாகும் என்று கூகுளே சொன்னது. பயர்பாக்ஸ் இதே ஏற்பாட்டை 2021-ல் கொண்டுவந்தது. ஆக, கே-மெலியான் லேசாக இருப்பதற்கு ஒரு காரணம் அதில் இந்தச் சுவர்கள் எதுவும் இல்லை என்பது. அதன் வேகத்தைப் புகழ்கிறவர்கள் இதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

மீதிப் பகுதியில்தான் உங்கள் கோபத்தோடு நானும் சேர்ந்துகொள்கிறேன். வலைப்பக்கங்களின் எடையைத் தொடர்ந்து அளக்கும் ஹெச்டிடிபி ஆர்க்கைவ் கணக்குப்படி 2024-ல் ஒரு நடுத்தரமான முகப்புப் பக்கம் டெஸ்க்டாப்பில் சுமார் 2.6 எம்பி. ஒரு பக்கச் செய்தியின் எழுத்து சில கேபிதான் இருக்கும். மற்றதெல்லாம் படம், எழுத்துரு, ஸ்கிரிப்ட், யார் வந்தார்கள் எவ்வளவு நேரம் இருந்தார்கள் என்று எண்ணுகிற கண்காணிப்பு. அந்தச் சுமையை இறக்கினால் இப்போதைய பிரவுசரே கணிசமாக லேசாகிவிடும். பயர்பாக்ஸில் யுபிளாக் ஆரிஜின் என்ற தடுப்பு நீட்சியைப் போட்டுப் பாருங்கள். விளம்பரமும் கண்காணிப்பும் இறங்குவதற்கு முன்பே தடுத்துவிடும். இறங்காத ஸ்கிரிப்டுக்கு ரேமும் வேண்டாம், புராசசரும் வேண்டாம். குரோமில் அதன் முழு வடிவம் இப்போது ஓடாது, லைட் என்ற சுருக்கப் பதிப்புதான் கிடைக்கும். பழைய மெஷின்காரர்களுக்கு நான் பயர்பாக்ஸைச் சொல்வதற்கு இதுவே போதுமான காரணம்.

கேள்வி: லினக்ஸில் டில்லோ என்ற பிரவுசரைப் போட்டேன். மின்னல் வேகம். ஆனால் தமிழில் கொம்பு எல்லாம் இடம் மாறித் தெரிகிறது. என்ன செய்தால் சரியாகும்?
– சேலம் வாசகர், கல்லூரி மாணவர்

பதில்: டில்லோவைத் தேடிப் போட்டதற்கே உங்களைப் பாராட்ட வேண்டும். 1999 டிசம்பரில் தொடங்கியது, ஜாவாஸ்கிரிப்டே கிடையாது, உங்கள் கணினியில் இருக்கும் பல படங்களைவிடச் சிறிய புரோகிராம். 2015-ல் 3.0.5 வந்த பிறகு சத்தமே இல்லாமல் இருந்தது. நடுவில் அதன் பழைய இணைய முகவரியும் கைவிட்டுப் போனது. எல்லோரும் முடிந்தது என்று நினைத்தபோது வேறொருவர் எடுத்துச் செய்து 2024 மே மாதம் 3.1.0 வெளியிட்டார், அடுத்த ஆண்டு ஜனவரியில் 3.2.0. ஆகவே டில்லோவைக் கே-மெலியானோடு ஒரே வரிசையில் வைக்காதீர்கள். ஸ்கிரிப்டே ஓட்டாது என்பதால் பெரிய அபாயங்கள் பல அதற்கு வருவதே இல்லை, திருத்துவதற்கும் ஆள் இருக்கிறார்கள். உங்கள் பதிப்பு பழையதாக இருந்தால் முதலில் புதுசுக்கு மாறுங்கள்.

கொம்பு விஷயத்துக்கு வருவோம். யூனிகோடில் 'கெ' என்ற எழுத்து முதலில் 'க', பிறகு கொம்பு என்ற வரிசையில்தான் சேமிக்கப்படுகிறது. திரையில் காட்டும்போது கொம்பைத் தூக்கி முன்னால் வைப்பது எழுத்தைக் கோக்கும் நிரலின் வேலை. 'கொ' என்றால் ஒரே குறியை இரண்டாகப் பிரித்து, கொம்பை இடது பக்கமும் கால் குறியை வலது பக்கமும் வைக்க வேண்டும். பயர்பாக்ஸில் இதை ஹார்ஃப்பஸ் என்ற நிரல் நூலகம் செய்கிறது. ஜன்னலையும் எழுத்தையும் வரைய டில்லோ நம்பியிருக்கும் எஃப்எல்டிகே என்ற கருவித்தொகுப்பின் 1.3 வரிசையில் லினக்ஸில் இந்த வேலையைச் செய்ய ஏற்பாடு இல்லை, வந்த வரிசையிலேயே எழுத்தை வைத்துவிட்டுப் போய்விடும். எழுத்துருவை மாற்றினால் சரியாகாது, அதில் நேரத்தைச் செலவிடாதீர்கள். எஃப்எல்டிகே 1.4-ல் எழுத்தைக் கோக்கும் பாங்கோ என்ற நிரல் நூலகத்தோடு சேர்த்துக் கட்டும் வசதி வந்திருக்கிறது, டில்லோவும் அந்த வரிசைக்கு நகர ஆரம்பித்திருக்கிறது. நீங்கள் கல்லூரி மாணவர் என்கிறீர்கள், கம்ப்யூட்டர் படிப்பவராக இருந்தால் தமிழ் எப்படித் தெரிகிறது என்று படம் பிடித்து அவர்களுக்கு எழுதுங்கள். 'கொக்கு', 'தேர்', 'பௌர்ணமி' என்று மூன்று சொல் போட்டு, எப்படி வர வேண்டும், எப்படி வருகிறது என்று பக்கத்தில் பக்கத்தில் காட்டினால் தமிழ் தெரியாதவருக்கும் புரியும். சின்னக் குழுக்களில் இந்த மாதிரிக் கடிதத்துக்கு நிஜமாகவே மதிப்பு உண்டு.

அதுவரை தமிழ் படிக்க ஃபால்கன் என்ற பிரவுசரையோ பயர்பாக்ஸையோ வைத்துக்கொண்டு, ஆங்கிலக் கையேடுகளுக்கு டில்லோவைப் பயன்படுத்துங்கள்.

கேள்வி: கே-மெலியானுக்குப் பதில் பேல் மூன் என்ற பிரவுசரைப் போடலாமா?
– நாகர்கோவில் வாசகர்

பதில்: போடலாம், லேப்டாப் சுமாராகவாவது இருந்தால். 2009 முதல் வருகிறது, கெக்கோவிலிருந்து பிரிந்த கோவானா என்ற எஞ்சினை அவர்களே பராமரிக்கிறார்கள், பாதுகாப்புத் திருத்தங்களும் வருகின்றன. கே-மெலியானிலேயே கோவானாவைப் பொருத்தி ஆர்வலர்கள் கட்டித் தரும் பதிப்புகளும் உண்டு, 75.1-க்கு அது எவ்வளவோ மேல். ஆனாலும் சில பெரிய தளங்கள் 'நீங்கள் மனிதர்தானா' என்று சோதிக்கும் பக்கத்திலேயே இவற்றை நிறுத்திவிடுகின்றன. இது அந்தப் பிரவுசர்களின் குற்றமில்லை, மூன்று நான்கு பெரிய பிரவுசர்களை மட்டுமே மனதில் வைத்துச் சோதனை எழுதுகிறவர்களின் குற்றம், எனக்கு இதில் வருத்தம் நிறையவே உண்டு.

எங்கிருந்து இறக்குகிறீர்கள் என்பதில் மட்டும் கவனம். 2019-ல் பேல் மூனின் பழைய பதிப்புகளை வைத்திருந்த சர்வருக்குள் யாரோ புகுந்து அங்கிருந்த ஃபைல்களில் தீம்பொருளைச் சேர்த்திருந்தது தெரியவந்தது. புதிய பதிப்பைத் தரும் முக்கிய சர்வருக்குப் பாதிப்பில்லை, பழசைத் தேடிப் போனவர்களுக்குத்தான் ஆபத்து. அதிகாரபூர்வ இடத்திலேயே அப்படி என்றால் 'பழைய சாஃப்ட்வேர் எல்லாம் இங்கே' என்று விளம்பரத்தோடு நிற்கும் தளங்களை யோசித்துப் பாருங்கள்.

கேள்வி: கடைசியில் என்னதான் செய்வது? புது லேப்டாப் வாங்க இப்போது வழியில்லை. விண்டோஸ் 7, 2 ஜிபி, பழைய ஹார்ட் டிஸ்க்.
– விருதுநகர் வாசகி

பதில்: விண்டோஸ் 7-க்குக் கடைசியாக வந்த குரோம் 109, 2023 ஜனவரி. அதற்கு மேல் அது நகராது, அதை நீக்கிவிடுங்கள். பயர்பாக்ஸில் 115-தான் விண்டோஸ் 7-க்குக் கடைசி வரிசை. அதன் நீண்டகால ஆதரவுப் பதிப்புக்குத் திருத்தங்கள் தருவதை மொசில்லா பலமுறை நீட்டித்திருக்கிறது. அதைப் போட்டு யுபிளாக் ஆரிஜினைச் சேர்த்துவிட்டு, திருத்தம் இன்னும் வருகிறதா என்று அவ்வப்போது மொசில்லாவின் அறிவிப்பைப் பாருங்கள், நின்றுவிட்டால் அதுவும் கே-மெலியான் மாதிரிதான், படிக்க மட்டும்.

பணம் செலவழிப்பதாக இருந்தால் முதலில் எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாத வேகமான டிஸ்க்), பிறகு ரேம். ரேம் போதாதபோது விண்டோஸ் ஹார்ட் டிஸ்கையே ரேம் போலப் பயன்படுத்தும். நீங்கள் டேப் மாற்றும்போது உள்ளே டிஸ்க் கரகரவென்று ஓடுவது அதனால்தான். எஸ்எஸ்டி போட்டால் அந்தக் காத்திருப்பு பெரிதும் குறையும். பழைய வகை ரேம் செகண்ட் ஹேண்டில் கிடைக்கும், உங்கள் மெஷின் 4 ஜிபி ஏற்குமா என்று சர்வீஸ் கடையில் கழற்றிப் பார்க்கச் சொல்லிவிட்டு வாங்குங்கள்.

அப்புறம் லினக்ஸ். புராசசர் 64 பிட் என்றால் எக்ஸ்எஃப்சிஇ என்ற லேசான டெஸ்க்டாப்போடு வரும் லினக்ஸ் மின்ட் 4 ஜிபியில் தாராளமாக ஓடும், 2 ஜிபியில் என்றால் ஆன்டிஎக்ஸ் என்ற லேசான லினக்ஸைப் பாருங்கள். இரண்டிலும் இன்றைய பயர்பாக்ஸ் இன்றைய திருத்தங்களோடு கிடைக்கும். நிறுவுவதற்கு முன் பென் டிரைவிலிருந்தே ஓட்டிப் பார்க்கலாம், தமிழ் சரியாகத் தெரிகிறதா, வைஃபை பிடிக்கிறதா, உங்கள் பிரின்டர் வேலை செய்கிறதா என்று பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். 32 பிட் மெஷின் என்றால் சீக்கிரம் செய்யுங்கள், லினக்ஸிலும் பயர்பாக்ஸ் 144-தான் 32 பிட்டுக்கு வந்த கடைசிப் பதிப்பு, இனி நீண்டகால ஆதரவுப் பதிப்பு இருக்கும்வரைதான். மாற்றுவதற்கு முன்னால் ஃபோட்டோக்களையும் ஆவணங்களையும் பென் டிரைவில் எடுத்து வைத்துவிட்டு, அந்த பென் டிரைவை இன்னொரு கம்ப்யூட்டரில் போட்டு எல்லாம் திறக்கிறதா என்றும் ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.